சீனியருக்கு இரண்டாம் முறை பிரிவுபசாரம்

1

இந்தக் கதை நான்கு வரியில் தொடங்கியது. அந்த நான்கு வரியையும் படித்துவிட்டு, "அம்மா, இது இரங்கல் செய்தி மாதிரி இருக்கு" என்று என் மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கதையை நிராகரிக்கும் பத்திரிகைக்காரர்கள்கூட 'இடமின்மை காரணமாக' என்று ஏதாவது பூசி மெழுகுவார்கள். பெற்ற பிள்ளைக்கு அந்த நாகரிகமும் கிடையாது. அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதையும் தேடாதீர்கள்.

விஷயம் இதுதான். மகளின் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால் பிரிவுபசார விழா நடக்கும். விடைபெறுகிறவர் தனக்காகப் பேசக்கூடாது என்பது அங்கே வழக்கம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் அவருக்காகப் பேச வேண்டும். நாலு வரி கிண்டல் கட்டாயம். 'இவருடைய கனவு இன்னது' என்று முடிக்க வேண்டும். மேடை ஏறும்வரை அதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டக் கூடாது. பெற்றோர் எல்லோரும் எதிரே உட்கார்ந்து கேட்பார்கள்.

மகளுக்குப் பக்கத்து இடம் சீனியர். அவனுக்கான நாலு வரியை என்னை எழுதித் தரச் சொன்னாள். அதில்தான் சிக்கல்.

2

கதைக்குத் தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'அவன் தோற்ற அன்று வானம் இருண்டு' (வேண்டாம். வானத்துக்கும் அவன் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?)

'கடைசி பெஞ்சில் ஒரு மௌனம் உட்கார்ந்திருந்தது. அந்த மௌனத்துக்கு' (இதை மகள் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவே விடமாட்டாள்.)

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீனியர் போன வருஷம் இதே மேடையில் பிரிவுபசாரம் வாங்கிக்கொண்டு போனவன். 'இவர் விமானி ஆவார்' என்று அவனுடைய பழைய பெஞ்சுக்காரன் மைக்கில் அறிவித்தான். விடைபெறுகிறவர்களுக்குக் கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு காபி மக் பரிசளித்தார்கள். 'என்றும் நினைவில் வைப்போம்' என்று அச்சடித்த மக். அதைத் தேர்ந்தெடுத்து வாங்கியதே என் மகள்தான். அப்புறம் ரிசல்ட் வந்தது. கணக்கில் ஃபெயிலாகிவிட்டான்.*

பள்ளி திறந்த அன்று, தனக்கு விடைகொடுத்த பிள்ளைகளோடு அதே வகுப்பில் வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து அந்த மக்கை எடுத்து மேசைமேல் வைத்து, "நினைவுல வச்சிருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்றானாம். அன்று வைத்த பெயர்தான் சீனியர்.

* ஒரு பாடத்தில் ஃபெயிலானாலும் வருஷம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் விதி அப்படித்தான்.

3

எனக்கு இந்தப் பையன்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஜோக் அடிக்கிறவன் உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருப்பான் என்று முடிவு கட்டினேன். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது சிரித்தால் உடனே பின்னால் ஒரு கண்ணீரைக் கொண்டுபோய் வைப்போம். ஆகவே நான் எழுதிக் கொடுத்த நாலு வரியில் 'விடாமுயற்சி' இருந்தது, 'வீழ்ந்தாலும்' இருந்தது. ஃபெயில் என்ற சொல் மட்டும் இல்லை.

"அவன் ஃபெயிலானது எங்கம்மா?" என்றாள் மகள்.

"அதை எதுக்குடி அத்தனை பேர் முன்னாடி சொல்லணும்? பாவம்."

"பாவம்னு சொன்னாத்தான் அவனுக்குப் பிடிக்காது. நான் அதை விட்டுட்டா கீழ உக்காந்திருக்கிற எல்லாரும் அதையேதான் நினைச்சிக்கிட்டு இருப்பாங்க."

"கிண்டல் பண்ணி அவன் மனசு நொந்துபோயிட்டா?"

நகத்தைக் கடித்தாள். "அதாம்மா எனக்கும் பயம். போன வருஷம் ரிசல்ட் வந்ததும் லீவு முடியிற வரைக்கும் ரூமை விட்டே வெளிய வரலையாம். அவங்கப்பா இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. திட்டக்கூட இல்ல. விழாவுக்கு அவரும் வராரு."

ஆக, இவளுடைய நாலு வரிதான் அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயத்தை அப்பா முன்னால் முதன்முதலாகப் போட்டு உடைக்கப்போகிறது. சரியாக விழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். தப்பாக விழுந்தால் பரீட்சைக்கு முன்னால் பையன் திரும்ப அறைக்குள் போய்விடுவான். 'ரெண்டு வரி நல்லதாகப் பேசிவிட்டு இறங்கி வா' என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.

4

அரங்கத்தை வர்ணிக்க ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன். மடக்கு நாற்காலிகள், கொய்யென்று கத்தும் மைக், சுழலாத ஒரு மின்விசிறி. நீங்களும் இப்படி ஓர் அரங்கத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பீர்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். எப்போதும் தூங்கும் 'கொட்டாவி' மெத்தைக் கடை வைப்பானாம், ஒவ்வொரு மெத்தையையும் தானே படுத்துப் பார்த்துத்தான் விற்பானாம். 'ஒலிபெருக்கி' என்ற பெண் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் ஆவாளாம், மைக் செலவு மிச்சமாம். அவளுடைய அம்மாவே எழுந்து நின்று கைதட்டினாள்.

சீனியரின் அப்பா பஸ் டிரைவர். யூனிஃபார்மோடு வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் சீனியர், கையில் அதே மக்கோடு.

"இவரை நாங்க போன வருஷமே அனுப்பி வச்சிட்டோம். மக்கெல்லாம் குடுத்தோம். இந்த ஸ்கூல் மேல இருந்த பாசத்துல கணக்கு பேப்பரைப் பாதி வெள்ளையா விட்டுட்டுத் திரும்பி வந்துட்டாரு."

அரங்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் ஒரு விநாடி தடுமாறி, தாளைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"இவருடைய கனவு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. போன வருஷம் இதே மேடையில அறிவிச்ச விமானம் ஒரு வருஷம் தாமதமாப் புறப்படுது. அதே விமானி, அதே விமானம். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

[முதல் வரைவில் இந்த இடத்தில் அப்பாவை அழவைத்திருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. ஆனால் நடந்தது வேறு.]

கதவோரம் ஒரு சத்தம். பழைய பஸ் கிளம்புவதுபோல முதலில் இரண்டு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது. டிரைவர் சிரித்தார். சிரிப்பு புரையேறி, பக்கத்திலிருந்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்ததும் மேடையில் சீனியர் மக்கால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிறகு அரங்கமே சிரித்தது. அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அது மடக்கு நாற்காலி என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வெளியே வரும்போது டிரைவர் மகனின் பின்தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"டேய், உன்னை வழியனுப்ப ரெண்டு தடவை டிரிப்பை மாத்திக்கிட்டு வந்தாச்சு. மூணாவது தடவை கூப்பிடாத."

"கூப்பிட மாட்டேம்பா."

அவ்வளவுதான் பேசினார்கள். ஒரு வருஷமாகப் பேசாதது அதில் தீர்ந்துவிட்டது. விமான வரி என் மகளே எழுதியது. ஓர் எழுத்தாளராக எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், தாயாகச் சந்தோஷம்.

5

முடிவுக்கு வருவோம். பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. நான் பொறுக்காமல் மூன்று முடிவு எழுதினேன்.

(அ) பாஸ். டிரைவர் ஊருக்கே இனிப்பு கொடுக்கிறார்.

(ஆ) மறுபடியும் ஃபெயில். ஆனாலும் அவன் (இந்த 'ஆனாலும்' என்னை அறைந்தது. எடுத்துவிட்டேன்.)

(இ) வருஷங்கள் கழித்து நான் ஒரு விமானத்தில் ஏறுகிறேன். விமானியின் குரல் கேட்கிறது. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்.'

மூன்றாவது எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது. அதை வைத்தே முடித்திருப்பேன். நேற்று மகளைப் பார்க்க வந்த சீனியர், சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, என்னைப் பத்திக் கதை எழுதுறீங்களாமே."

"உனக்குப் பிடிக்கலைன்னா நிறுத்திடறேன்பா."

"சேச்சே, எழுதுங்க. ஒண்ணே ஒண்ணு. அதுல என்னைப் பாஸ் போட்டுடாதீங்க."

"ஏன்?"

"அதை நானே வாங்கிக்கிறேன் ஆன்ட்டி."

என் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவன் போனதும் மூன்று முடிவையும் அழித்துவிட்டேன். இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் அழித்ததில்லை.

நீங்களும் உங்கள் நல்ல மனசுக்கு ஏதாவது எழுதிச் சேர்க்கப் பார்ப்பீர்கள். தயவுசெய்து கை வைக்காதீர்கள். கீழே விட்டிருக்கும் இடம் அவனுடையது.

சீனியர் இந்த வருஷம் [                              ]