மலையில் நின்ற மூச்சு

மலைச்சாலைப் பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, அண்ணனின் மூச்சு நின்றது. அவர் சாகவில்லை. காரை ஓரமாக நிறுத்தி, கையுறையைக் கழற்றி, முடிவுத் தாளில் தன் பெயருக்கு நேரே கையெழுத்தும் போட்டார். மருத்துவர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதயம் ஒழுங்காக இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணனும் தம்பியும் இருபத்திரண்டு வருடம் ஒரே பட்டறையில் பந்தயக் கார்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்கள். எஞ்சின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது அண்ணனின் கட்சி. அப்படிப்பட்ட எஞ்சின், பெடலைத் தொட்ட கணமே பதில் சொல்லும். தம்பி டர்போ பக்கம் சாய்ந்தார். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி அது. சின்ன எஞ்சினுக்கும் பெரிய பலம் வரும். ஆனால் மிதித்தபின் இரண்டு நொடி காத்திருக்க வேண்டும். "பசிக்காதவன் வாயில சோத்தைத் திணிக்கிற மாதிரி," என்றார் அண்ணன். பட்டறையின் நடுவே தகரத் தடுப்பு எழுந்தது. நான்கு வருடம் இருவரும் பேசவில்லை.

அந்த ஞாயிறு இருவரும் போட்டியில் இறங்கினார்கள். பாதி மலை வரை அண்ணன்தான் முன்னால். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்தது. அவருடைய எஞ்சின் இழுத்து இழுத்துப் பார்த்தது, கிடைக்கவில்லை. கடைசி வளைவில் தம்பியின் கார் அவரைக் கடந்து போனது. தம்பி கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

மூச்சு இல்லாததால் அண்ணனுக்குப் பேச்சும் இல்லை. சாப்பிட்டார், நடந்தார், வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டினார். உதடு நாளுக்கு நாள் நீலம் பாரித்தது. தன் எஞ்சினை ஓடவிட்டு அருகில் உட்கார்ந்து பார்த்தார். அது தனக்கு மட்டும் இழுத்துக்கொண்டது. ஒன்பதாம் நாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு டர்போ எஞ்சினைச் சோதித்தபோது, இந்தப் பக்கம் அண்ணனின் மார்பு ஏறி இறங்கியது. சாப்பாடு கொண்டுவந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டார். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நாள் பட்டறைப் பக்கமே வரவில்லை. நகமெல்லாம் கறுத்தது.

அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "மூச்சுல போய் ரோஷம் பாக்காதீங்க. எனக்கு நீங்க வேணும்."

அண்ணி சொல்லி அறிந்த தம்பி அதற்குள் தகரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார். "என்னைத் திட்டணும்னாலும் மூச்சு வேணும்ல, அண்ணா," என்று சொல்லி எஞ்சினை முடுக்கினார்.

இரண்டு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காற்று உள்ளே வந்தது. அண்ணன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு தடவை கண்ணாடியில பாத்திருக்கலாம்ல," என்றார்.

"பாத்திருந்தா ஓட்டியிருக்க மாட்டேன்," என்றார் தம்பி.

அதன்பின் அந்த எஞ்சின் நிறுத்தப்படவில்லை. புகைக்குழாயைச் சுவரில் துளையிட்டுக் கூரைக்கு மேல் விட்டார்கள். ஆயில் மாற்றும் நாளில், இன்னொன்றை ஓடவிட்ட பிறகே இதை அணைப்பார்கள். தெருக்காரர்கள் ஒரு வாரம் சத்தத்தைக் குறை சொன்னார்கள்; பிறகு மறந்துபோனார்கள். அண்ணன் பதினான்கு வருடம் இருந்தார். மாடிப்படி ஏறுவதற்கு முன் கீழே நின்று தம்பிக்குக் குரல் கொடுப்பார். தம்பி கொஞ்சம் முடுக்கிவிடுவார். அவர் இரண்டு நொடி நின்று, பிறகு ஏறுவார்.