கஞ்சிப் பானைக்கு அடியில்

பானை மேசையில் நிற்கவில்லை. தொழிற்சாலைச் சாப்பாட்டு அறை மேசை வழுக்குகிற பிளாஸ்ரிக், பானையோ அடி உருண்டது. பாலாம்பிகை அன்ரி ஒரு கையால் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பைக்குள் அகப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். முந்தைய வருடங்களில் துவாயைத் திருகணையாகச் சுருட்டிப் பானைக்குக் கீழே வைப்பார். இந்த முறை பஸ்ஸில் கஞ்சி தளம்பித் துவாய் முழுக்க நனைந்துவிட்டது. மே பதினெட்டு, காலை ஏழு மணி. இரவு வேலைக்காரர் போகிற நேரம், பகல் வேலைக்காரர் வருகிற நேரம். இரண்டு பகுதியும் சந்திக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஒவ்வொரு வருடமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. வேறு ஒன்றும் போட அன்ரி விடமாட்டார். கோப்பி மெஷினுக்குரிய கடதாசிக் கோப்பைகளில் ஊற்றி நின்றபடியே குடிப்போம்.

"இப்பிடிப் பிடிச்சுக்கொண்டே நிக்கப் போறியளோ அன்ரி?" என்று கேட்டுவிட்டு ஜெராட் அண்ணை வெளியே போனார். எங்கள் பகுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். திரும்பி வந்தபோது கையில் ஒரு செப்பு வளையம் இருந்தது. கழிவுத் தொட்டியில் இருந்து எடுத்தது. "இதை வையுங்கோ. அளந்து செய்த திருகணை மாதிரி இருக்கும்."

அன்ரி அந்த வளையத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு பானையைத் தூக்கி அதன் மேல் வைத்தார். பானை அசையாமல் நின்றது.

அந்த வளையம் என்ன என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு விரல் அகலம், உள்ளங்கையை நன்றாக விரித்தால் மூடலாம். பீரங்கிக் குண்டின் அடிப்பக்கத்தில் இறுக்கப்படுவது. பீரங்கிக் குழாய்க்குள் இருக்கும் வரிப்பள்ளங்களைக் கவ்விக் குண்டைச் சுழற்றுவது அதுதான். சுழலாத குண்டு சொன்ன இடத்தில் விழாது. நாங்கள் செய்வது இந்த வளையத்தை மட்டும். குண்டு வேறெங்கோ, வெடிமருந்து வேறெங்கோ. அன்ரியின் வேலை வளையத்தை அளப்பது. அளவுக்கட்டையில் மாட்டுவார். சரியாக இறங்கினால் பச்சைப் பெட்டி, இறுகினால் சிவப்புக் கழிவுத் தொட்டி. அவர் விட்ட வளையம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று நிர்வாகமே சொல்லும். இதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. ஹொக்கியைப் பற்றிக் கதைப்போம், வாடகையைப் பற்றிக் கதைப்போம்.

நான் மொன்ட்ரியால் டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்தவன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பகலில் மனிதர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இரவு வேலை கிடைத்தது. பிரெஞ்சு எனக்கு நன்றாக வரும் என்பதால் அன்ரிக்கு எங்கே மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் அன்று, வேலைக்கு ஆள் எடுக்கிற ஆளணிப் பகுதி சில்வி கமெராவோடு வந்து "இது என்ன உணவு?" என்று கேட்டபோது முந்திக்கொண்டது ஜெராட் அண்ணை. "எங்கட நினைவு நாள் உணவு. யுத்தத்தில இறந்தவர்களுக்காக," என்று பிரெஞ்சில் சொன்னார். சில்வி நெஞ்சில் கை வைத்தாள். பானை, கோப்பைகள், அன்ரி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். நாலு நாளில் அது கம்பனியின் இணையப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் படத்தில் இல்லாததை அன்ரி எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார், பஸ் தரிப்பிடத்தில், தெருவைப் பார்த்தபடி. முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்க மகளை அனுப்பியிருந்தார். வரிசையில்தான் பீரங்கிச் செல் விழுந்தது. "பானை கிடைச்சுது. பிள்ளை கிடைக்கேல்லை." இப்போது கொண்டு வருவது அந்தப் பானை இல்லை. இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கடையில் வாங்கியது. ஆனால் அதுவும் அடி உருண்ட பானைதான். தட்டையான சட்டியில் கஞ்சி காய்ச்சமாட்டார்.

ஒட்டாவாவில், பாராளுமன்றத்துக்கு அந்த வசந்த காலம் ஒரு மசோதா வந்திருந்தது. அதுவரை வேறு நாடுகளுக்கு ஆயுதப் பாகம் விற்பதென்றால் அனுமதி வேண்டும், அமெரிக்காவுக்கு என்றால் பெரும்பாலும் வேண்டாம். நட்பு நாடு. எங்கள் வளையங்கள் போவதும் அங்கேதான். அங்கே போனது பிறகு எங்கே போகிறது என்று இங்கே ஒருவரும் கேட்பதில்லை. இனி அதற்கும் அனுமதி வேண்டும், கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பாராளுமன்றத்துக்குச் சொல்லவும் வேண்டும் என்றது மசோதா. அதை ஆராய ஒரு குழு. குழுவில் சாட்சி சொல்ல எங்கள் மனேச்சரும் போகிறார், கூடவே தொழிலாளி ஒருவரையும் கூட்டிப் போகிறார் என்று செய்தி வந்தது. சட்டம் வந்தால் ஏற்றுமதி இழுபடும், முதலில் மூடுவது இரவு வேலையைத்தான் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். இரவு வேலையில் அரைவாசிக்கு மேல் தமிழர், நாங்கள்தான்.

தொழிலாளியாகப் போனது ஜெராட் அண்ணை. புறப்படுவதற்கு முந்தைய நாள் சாப்பாட்டு அறையில் பகிடியில் இருந்து அவருக்கு விடுதலை இல்லை.

"அண்ணை, கலியாணக் கோட் இன்னும் பூட்டுமோ?"

"பூட்டும், மூச்சு விடத்தான் ஏலாது."

"திரும்பி வரேக்க எங்களுக்கும் ஒரு எம்.பி. பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

"எம்.பி.யைக் கொண்டுவந்து என்ன செய்யிறது? ஒரு மெஷினில விட்டா விரலை வெட்டிப்போடுவார்."

அன்ரி சிரிக்கவில்லை. "ஜெராட், என்ர கதை ஒண்டும் அங்க சொல்லாத," என்று மட்டும் சொன்னார்.

"சேச்சே. நான் ஏன் அன்ரி சொல்லப் போறன்?"

குழுவின் விசாரணை நேரடியாக ஒளிபரப்பானது. மத்தியானம் நித்திரையால் எழும்பி மொன்ட்ரியால்-நோரில் அன்ரியின் அபார்ட்மென்ருக்குப் போனேன். குசினி மேசையில் சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்தோம். அவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாறி மாறிக் கதைக்க, நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்ரி கத்தரிக்காய் வெட்டினார்.

கேள்வி கேட்டவர் மசோதாவை ஆதரிக்கிற ஒரு பெண் உறுப்பினர். நீங்கள் செய்யும் வளையம் கடைசியில் எந்த நாட்டில் பாவிக்கப்படுகிறது? வாங்குகிறவரிடம் ஒப்படைத்த பின் அது அவர்களின் பொறுப்பு என்றார் மனேச்சர். அதற்குப் பிறகு? அந்தத் தகவல் எங்களிடம் இல்லை. கேட்டுப் பார்த்தீர்களா? கேட்க வேண்டிய தேவை சட்டத்தில் இல்லை. எங்கள் தொழிலாளர்களுக்கு யுத்தம் என்றால் என்னவென்று தெரியும், அவர்களையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மனேச்சர் ஒரு படத்தை முன்னால் தள்ளினார். அறையின் திரையில் அது பெரிதாக வந்தது. அன்ரி, பானை, கடதாசிக் கோப்பைகள்.

அன்ரியின் கத்தி நின்றது.

ஜெராட் அண்ணை எழுதி வைத்திருந்ததை வாசித்தார். நாங்கள் யுத்தத்தில் இருந்து வந்தவர்கள். கம்பனி எங்கள் நினைவு நாளுக்கு இடம் தருகிறது. எங்களுக்கு மனச்சங்கடம் இல்லை. உண்மையில் அவர் முள்ளிவாய்க்காலுக்கு வெகு முன்பே, தொண்ணூற்றிரண்டிலேயே இங்கு வந்துவிட்டவர். அது படத்தில் தெரியாது.

அந்தப் பெண் உறுப்பினர் கண்ணாடியைப் போட்டுத் திரையைப் பார்த்தார். "பானைக்குக் கீழே இருப்பது என்ன?"

ஜெராட் அண்ணை தண்ணீர் குடித்தார். மனேச்சர் திரையை எட்டிப் பார்த்தார். அது எங்கள் வளையம் என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது, அவரே அதை ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது.

அதன் பிறகு விசாரணை வேறு பக்கம் திரும்பியது. மசோதாவை எதிர்க்கிற உறுப்பினர் ஒருவர் மைக்கை வாங்கினார். கட்டுப்பாட்டில் இருக்க வேண்டிய இராணுவப் பாகம் சாப்பாட்டு அறைக்கு எப்படி வந்தது? யார் எடுத்தது? இப்போது எங்கே இருக்கிறது? வெளியே போயிருந்தால்? பெண் உறுப்பினர் இடையில் எதையோ சொல்லப் பார்த்தார், நேரம் அவருடையதல்ல என்று தலைவர் மறித்தார். லொறி லொறியாகப் போகிற வளையம் எங்கே போய் விழுகிறது என்ற கேள்வி அதோடு முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க ஒரேயொரு வளையத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

"யார் எடுத்தது?" மறுபடி கேட்டார்கள். ஜெராட் அண்ணை மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"என்ன சொல்றான்?" என்றார் அன்ரி.

"கஞ்சி காய்ச்சின அம்மா எடுத்தவவாம். வயசானவ, தெரியாமல் எடுத்திருப்பாவாம்."

அன்ரி கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டார். "வயசானவ எண்டோ சொன்னவன்?"

"ஓம்."

"எனக்கு அம்பத்தெட்டுத்தான்."

போனை நிறுத்தினேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அண்டைக்கு என்னெண்டு தெரிஞ்சுதானே வைச்சனீங்கள்?"

"தெரியாமல் என்ன? நான் அளந்து எறிஞ்சது."

"பேந்து ஏன் வைச்சனீங்கள்?"

"பானை ஆடாமல் நிண்டுது," என்றார்.

அடுத்த நாள் மாலை உடுப்பு மாற்றுகிற இடத்தில் ஜெராட் அண்ணையைப் பிடித்தேன். "நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

"சத்தம் போடாத. எனக்கு மூண்டு பிள்ளையள். நாடு முழுக்கப் பாத்துக்கொண்டிருக்குது, நீயெண்டா என்ன சொல்லியிருப்பாய்?"

"தெரியாது."

"தெரியாதெண்டா வாயை மூடு. அவவுக்கு ஒண்டும் செய்யமாட்டாங்கள். வயசு போன மனிசி."

ஒரு கிழமை கழித்து, வேலை முடிந்த கையோடு அன்ரியை மனேச்சரின் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க என்னையும். மனேச்சர், சில்வி, மூலைக் கதிரையில் ஜெராட் அண்ணை. மேசையில் அந்த வளையம். இத்தனை நாளும் சாப்பாட்டு அறை அலுமாரியில் பிளாஸ்ரிக் தட்டுகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. உள்பக்கத்தில் வழிந்த கஞ்சி காய்ந்து வெள்ளையாகி, ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

கழிவுத் தொட்டியில் இருந்து எடுத்தது நீங்களா என்று மனேச்சர் கேட்டார். ஆம் என்றால் வேலை போகும், விதி அப்படி என்று சில்வி மெதுவாகச் சேர்த்தாள். நான் அதையும் சொன்னேன்.

அன்ரி ஜெராட் அண்ணையைப் பார்த்தார். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம். நான்தான்."

மனேச்சர் என்னைப் பார்த்தார்.

"அன்ரி, நான் கண்டனான்..."

"நான் சொன்னதை மட்டும் சொல்லு."

"ஏன் அன்ரி?"

"ஒருத்தனும் ஒண்டுக்கும் ஆளில்லை எண்டுறாங்கள். ஒரு வளையத்துக்காவது ஒரு ஆள் இருக்கட்டும். சொல்லு."

ஆம், அவர்தான் என்று பிரெஞ்சில் சொன்னேன். நான் கண்டதைச் சொல்லவில்லை. ஜெராட் அண்ணையின் தோள் இறங்கியதைக் கண்டேன்.

சில்வி நீட்டிய கடதாசியில் அன்ரி கையெழுத்து வைத்தார். எழும்பாமல் இருந்தார். "இது இனி எங்க போகும் எண்டு கேள்."

கேட்டேன். இந்த முறை மனேச்சருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இப்போது பெட்டகத்துக்குப் போகும். வியாழக்கிழமை உருக்குகிற இடத்துக்கு. இரண்டு பேர் கூடவே போவார்கள், உருகி முடியும் வரை நின்று பார்ப்பார்கள், ஒப்பமிடுவார்கள். பிறகு ஒட்டாவாவுக்கு, குழுவுக்கு, உறுதிப்படுத்தி அறிவிப்பார்கள். நான் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, அன்ரி தலையைச் சரித்து ஒரு சொல் தவறாமல் கேட்டார்.

"சரி," என்றார்.

மனேச்சர் கையுறை போட்டு வளையத்தை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இறக்கி வாயை ஒட்டினார். வெளியே ஏற்றுமதி வாசலில் லொறி ஒன்று பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அதன் எச்சரிக்கைச் சத்தம் கண்ணாடிக்குள்ளாலும் கேட்டது. பச்சைப் பெட்டிகள் வரிசையில் நின்றன. மனேச்சர் பையைத் தூக்கியபோது காய்ந்த பருக்கை செப்பில் இருந்து கழன்று பையின் அடி மூலையில் விழுந்தது. அன்ரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனேச்சர் நடக்க நடக்க அது உள்ளே உருண்டுகொண்டு போனது.