ஸவாஹிர் ஹாஜியாரின் துவக்கு

கொட்டாஞ்சேனையில் நகைக்கடை வைத்திருக்கும் ஸவாஹிர் ஹாஜியார், கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறி நிற்பவர். அப்படிப்பட்டவரின் மேசை லாச்சிக்குள் லைசன்ஸ் துவக்கு ஒன்று பதினொரு வருஷமாகக் குடியிருந்தது. ஒருநாளும் சுட்டதில்லை. ஆனாலும் அது கிடக்கிற தைரியத்தில்தான் நெஞ்சை நிமிர்த்தி வியாபாரம் பார்த்தார்.

போன மாதம் பக்கத்துத் தெருவில், முகம் மூடிய ஹெல்மட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு மனிதரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யார் ஹெல்மட்டோடு கடைப் படியில் ஏறினாலும் ஹாஜியாரின் கை தன்பாட்டில் லாச்சியைத் திறந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், லைசன்ஸ் துவக்குகளை மீளாய்வுக்கு ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தல் வந்தது.

"கள்ளன்ட கையில ஈக்கிறத உட்டுப்போட்டு எங்கடதக் கேக்கிறானுகள். இது என்ன சட்டம்?" என்று தெஹிவளை வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்து கொதித்தார்.

மனைவி ஜவாஹிறா முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள். குரலை உயர்த்தும் பழக்கமே இல்லை.

"கள்ளன்ட துவக்கப் புடிக்கிறது பொலிஸுட வேல. நான் எங்கடதப் பத்தித்தான் கதைக்கிறன்."

"எங்கட துவக்கு ஆருக்கு என்ன செஞ்சிச்சி?"

"ஒண்டும் செய்யல்ல. ஆனா நீங்க பயந்த ஆள். பயந்த ஆள்ட கைக்கு அது வாணாம்."

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. ஒப்படைக்க இன்னும் நாள் கேட்டுக் கடிதம் எழுதினார். அதை அவள் வாசித்துப் பார்த்து, பிழை இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாகக் கிழித்தாள். கடைசி நாளன்று ஆட்டோ பிடித்து, ஒப்படைக்கிற இடத்துக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு போனாள். துவக்கை அவர்தான் மடியில் வைத்திருந்தார். லைசன்ஸ் அவர் பேரில், தான் தொட்டால் அது குற்றம் என்று ஒரு விரல்கூட வைக்க மறுத்துவிட்டாள். துவக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. கடையில் ஹாஜியார் மட்டும்தான். தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலோடு வந்து நின்றது. கறுப்பு ஹெல்மட்டும் நீளமான மழைக்கோட்டுமாக ஒருவன் இறங்கி, இரண்டிரண்டு படியாகத் தாவி உள்ளே வந்தான். வந்தவன் வாய் திறக்காமல் கோட்டுக்குள்ளே கையை விட்டான்.

ஹாஜியார் லாச்சியை இழுத்தார். விரல்கள் பழகிய இடத்தைத் தேடின. தலையிடிக்கு விழுங்கும் குளிசை அட்டை ஒன்றுதான் அகப்பட்டது. 'யா அல்லாஹ்' என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"மாமா!"

கண்ணைத் திறந்தபோது ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டு நின்றது மகள் அர்பாவின் புருஷன் அஹ்ஸன். கோட்டுக்குள்ளிருந்து எடுத்தது பொலித்தீனில் சுற்றிய ஆஸ்பத்திரி ரிப்போட்.

"ஃபோன் நனைஞ்சி செத்துப் பெய்த்து மாமா. என்ட பைக்கும் கராஜ்ல. மருதானைல கூட்டாளிட பைக்கையும் ஹெல்மட்டையும் வாங்கிட்டு ஓடி வாறன். அர்பா புள்ள உண்டாகி ஈக்கிறா! நீங்க மூத்தவாப்பா ஆகப் போறீங்க!"

 ஹாஜியார் எட்டி அஹ்ஸனின் ஈரக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துவக்கு இருந்திருந்தால் சுட்டிருப்பார். அதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. முப்பத்திநாலு வருஷம் கூட வாழ்ந்தவள் தன்னை எவ்வளவு சரியாக அளந்து வைத்திருக்கிறாள் என்று நினைக்க, வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

மற்றக் கையால் ஃபோனை எடுத்தார்.

"ஜவா, இண்டைக்கு நான் எங்கட அஹ்ஸனச் சுட்டிருப்பன்."

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.  மறுபக்கம் அவள் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"சுடல்ல தானே. கடையச் சாத்திட்டு, அஹ்ஸனச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."