ஆறாவது பேன்

பன்னிரண்டாம் தலைமுறைக் கஞ்சாச் செடிகள் ஆட்களைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. மருந்துப் பண்ணையின் வேலை நேரமும் அதற்கேற்ப மாறியது. காலையில் ஆட்கள் செடிகளைத் தட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செடிகள் ஆட்களைத் தட்டின.

இரண்டுக்கும் முறை ஒன்றுதான். கிளைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து மூன்று தட்டு. விழும் இலைப்பேன்களில் ஊர்ந்து போகிறவற்றை மட்டும் எண்ண வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் செடியைப் பிடுங்கிவிடுவார்கள். இரண்டு இழுப்புக்கு வராததை அப்படியே விட்டுவிடுவது வழக்கம். ஒன்றுமே விழாத செடிக்குச் சிவப்பு நூல் கட்டி விதைக்கு நிறுத்துவார்கள். மருந்து அடிக்காமலே பூச்சியைத் தாங்கும் செடி வேண்டும் என்று பண்ணையில் கணக்கெடுக்கும் ராசாங்கம் பன்னிரண்டு தலைமுறையாக இப்படித்தான் எண்ணி வந்தார். இதுவரை பிடுங்கியவை நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. அவற்றின் உறவுகள்தான் இப்போது பாத்தியில் நின்றன.

ஆட்களிடமிருந்து விழுவது பயம். பார்க்கப் பேன் மாதிரியே இருக்கும், கொஞ்சம் கறுப்பு. செடிகளுக்கு எண்ண வராது. ராசாங்கம் எண்ணிச் சொல்வதை அவை நம்பின. திங்கட்கிழமை சூப்பர்வைசர் ஜெயசீலனைத் தட்டியபோது ஒன்பது என்று சொன்னார். ஒரே இழுப்பு. செருப்பு மட்டும் பாத்தியில் கிடந்தது.

வியாழக்கிழமை ராசாங்கத்தைத் தட்டும் நாள். பயந்துவிடுவோமோ என்று காலையிலிருந்தே அவர் பயந்துகொண்டிருந்தார்.

செடி அவர் தோளை வளைத்தது. கூட வேலை செய்யும் பூவாத்தா தாளைப் பிடித்தாள். மூன்று தட்டு. ஆறு விழுந்தன. ஐந்து ஊர்ந்தன. ஆறாவது அசையவில்லை.

"அது செத்ததுண்ணே. அஞ்சுன்னு சொல்லிட்டு வாங்க, டீ ஆறுது."

"இரு. அசையுதான்னு பாப்போம்."

"செடிக்கா தெரியப்போகுது? ஊர்ல எல்லாருக்கும் எமன் வெளியிலருந்து வருவான். உங்களுக்கு உள்ளயே குடியிருக்கான்."

"எனக்குத் தெரியுமே, தாயி."

ஈரப் பாத்தியில் அவர் நின்றார். நிழல் வரப்பைத் தாண்டிப் போனது. டீ ஆடை கட்டியது. செடிகள் இலையசைக்காமல் காத்திருந்தன. பாதங்கள் சில்லிட்டுப் போயின, அப்புறம் பாதங்கள் இருப்பதே தெரியவில்லை. வெளிச்சம் குறையும் நேரத்தில் ஆறாவது ஒரு காலைத் தூக்கி வைத்தது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, "ஆறு" என்றார்.

இரண்டு செடிகள் அவர் அக்குளில் கிளை கொடுத்து இழுத்தன. பாத்தி மண் வெடித்தது. அவர் வரவில்லை. மறுபடி இழுத்தன. முழங்கால் நெரிந்ததே தவிர, அவர் வரவில்லை. செடிகள் கிளைகளை எடுத்துக்கொண்டன.

மறுநாள் காலை பூவாத்தா தாளோடு வரிசையில் வந்தாள். அவர் இடம் வந்ததும் அவர் கையை வளைத்து மூன்று முறை தட்டினாள். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே" என்று இடுப்பிலிருந்து சிவப்பு நூலை எடுத்தாள்.

ராசாங்கம் மணிக்கட்டை நீட்டினார்.

"கொஞ்சம் தளர்த்திக் கட்டு, தாயி. தண்டு பருக்கும்."