நாற்பது அடி கறுப்புச் சுருள்

கேன்சஸில் ஒரு கோதுமைக்காட்டு ஊர். அங்கே இருந்த ஒரே கொட்டகையில் படம் ஓட்டியவர் ஆர்வில். அவர் மகள் வெர்னா மூன்று வருஷத்துக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஹாலிவுட்டுக்குப் போனவள். அதன்பின் ஒரே ஒரு கடிதம்: 'ஏதாவது ஒரு படத்தில் வருவேன், பார்த்துக்கொண்டே இருங்கள்.' அன்றிலிருந்து அவர் மனைவி ஆக்னஸ் ஒரு படமும் விடுவதில்லை. ஏழாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டு வேலைக்காரி, பூக்காரி, கூட்டத்தில் நிற்பவள் என்று ஒவ்வொரு முகமாகத் துழாவுவாள்.

அந்த வாரப் படத்தோடு, பெண்களே நடத்திய தணிக்கைக் குழுவின் தாளும் வந்தது. 'மூன்றாம் சுருள். கட்டிலில் உட்கார்ந்து காலுறை தைக்கும் பெண். நீக்கவும்.' காலுறை தைப்பதில் என்ன ஆபாசமோ, அந்த மகராசிகளுக்குத்தான் வெளிச்சம்! கட்டில் கண்ணில் பட்டாலே அவர்களுக்கு ஜன்னி வந்துவிடும். ஆர்வில் எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. உரிமம் போனால் பிழைப்பும் போச்சு.

படம் சுருளில் இருக்கும். பேச்சு தனி இசைத்தட்டில். வெட்டியதை வெட்டியபடி ஒட்டினால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடும். அதனால் வெட்டிய நீளத்துக்கு, ஒரு படக்கட்டம் பிசகாமல், ஒன்றும் பதியாத கறுப்புச் சுருளை வைத்து ஒட்டவேண்டும். ஆர்வில் கட்டங்களை எண்ணினார். மேஜையில் சுருள் ஊமைதானே. நகத்தளவு கட்டத்துக்குள் ஒல்லியாக, சாயம் போட்டு வெளுத்த தலைமுடியோடு யாரோ ஒருத்தி. நாற்பது அடி. வெட்டிய துண்டை விதிப்படி குழுவுக்கே தபாலில் அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மதியக் காட்சி. திரை கறுத்தது. தட்டு மட்டும் சுற்றியது.

"கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க. இப்ப என்னால எந்திரிக்க முடியாது."

கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"ஏன் எந்திரிக்க முடியாதாம்?"

"யோவ், விளக்கப் போடுய்யா! நாங்களும் பாக்கறோம்!"

மாடியில் படம் ஓட்டிக்கொண்டிருந்த ஆர்வில் நிமிர்ந்தார். பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? ஒலித் திருகில் கை வைத்தார். குறைத்தால் சிரிப்பு அடங்கிவிடும். அப்போது இருட்டில் ஆக்னஸின் சத்தம் கேட்டது.

"வாய மூடுங்கடா! அது எம் பொண்ணு!"

அவர் திருகைக் கூட்டினார்.

படம் முடிந்ததும் ஆக்னஸ் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"நீங்கதான வெட்டுனீங்க? அந்தத் துண்டக் குடுங்க."

"அனுப்பிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! அதக் கொளுத்திருவாங்களே!" சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எப்படி இருக்கா? எளச்சுட்டாளா?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கட்டம் கட்டமாக எண்ணியவருக்கு முகம் ஞாபகமில்லை.

"நல்லா இருக்கா" என்றார்.

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்மள்ல ஒருத்தராவது பாத்தோமே. அது போதும்."