திரைக்கு இந்தப் பக்கம்

கிணத்துக்கடவு தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற பழனியாத்தாளுக்கு மூளையின் இடது பக்கம் கட்டி. "ஆபரேஷன் பண்ணினா பேச்சு போயிருமுங்க" என்று அவளைத் திருப்பி அனுப்பியவர் டாக்டர் கோவிந்தராஜுலு. இரண்டு மாதம் கழித்து அவள் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், டாக்டர் யாஸ்மினைத் தேடி.

இருபது வருடமாகக் கோயமுத்தூரில் மூளை ஆபரேஷன் என்றால் கோவிந்தராஜுலு பெயரைத்தான் சொல்வார்கள். யாஸ்மின் வெளிநாட்டில் படித்துவிட்டுத் தொண்ணூற்றேழில் வந்தவள். நோயாளியை விழிக்க வைத்துப் பேசவிட்டுக்கொண்டே கட்டியை எடுப்பாளாம். கேன்டீனில்கூட அதே பேச்சு. கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது.

அவள் செய்யும் முறை சரி என்பதுதான் அதிகம் எரித்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் சிங்காநல்லூர் மில்காரர் ஒருவருக்கு இதே இடது பக்கக் கட்டியை அவர் எடுத்தார். மூளையின் மேற்பரப்பில் பேச்சுக்கான இடங்களைத் தொடவே இல்லை. ஆனாலும் அந்த மனிதரால் அப்புறம் ஒரு வாக்கியம் கோக்க முடியவில்லை. அந்த இடங்களை இணைத்து அடியில் ஓடும் வெள்ளை நரம்பிழைகள் அறுந்திருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கத்தி வைத்ததில்லை.

ஆபரேஷன் அன்று காலை யாஸ்மின் அவர் அறைக்கு வந்தாள்.

"சார், அந்தம்மா பயப்படறாங்க. இங்க உங்களத்தான் பழக்கமாமா. பக்கத்துல உக்காந்து படம் காட்டிக் கேக்கறீங்களா? வார்த்தை தப்பினா உடனே சொல்லணுமுங்க."

படம் காட்டுகிற வேலை! மறுத்தால் பொறாமை என்பார்கள். போனார்.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாஸ்மினின் கைகள். இந்தப் பக்கம் பழனியாத்தாளின் முகம்.

"இது என்னங்க அம்மணி?"

"குடைங்க."

"இது?"

"பூட்டுங்க."

ஆழத்தில் யாஸ்மின் மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். பேச்சு இழையில் அது பட்டால் வார்த்தை தப்பும். அவர் சாவிப் படத்தை நீட்டினார்.

"வாசி" என்றாள் பழனியாத்தாள்.

அந்த வெள்ளை இழைகளின் பாதை அங்கேதான் இருக்கிறது. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. இவளுக்கும் ஒரு தடவை தப்பட்டுமே என்று மனசு சொன்னது. ஒரு மூச்சு விடும் நேரம்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டார்.

முடிந்து கை கழுவும் இடத்தில் அவரே சொன்னார். "நான் தாமதமாச் சொன்னேன், யாஸ்மின். வேணும்னேதான்."

அவள் குழாயை மூடினாள்.

"உங்க சத்தம் நின்னதுமே கைய எடுத்துட்டேன் சார். அடுத்த கேள்வி வராம நான் ஒரு நூலளவும் வெட்டறதில்லீங்க."

பொறாமை குறையும் என்று நினைத்துத்தான் சொன்னார். அது கூடிப்போயிற்று. தன் சின்னத்தனம்கூட நோயாளியைத் தொடாதபடி அவள் கை முன்கூட்டியே இடம் விட்டிருக்கிறது.

பழனியாத்தாளுக்கு மூன்று வாரம் வார்த்தைகள் இடறின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. இரண்டாம் மாதம் ஒரு கூடை தக்காளியோடு வந்தவள் நேராக அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"ஏனுங்க டாக்டரு, நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டே இருந்தீங்களா, எனக்குப் பயமே தெரியலீங்க."

கோவிந்தராஜுலு கூடையை வாங்கிக்கொண்டு எழுந்தார். யாஸ்மின் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.