மீனாவுக்காக வளர்ந்த செல்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று லேபில் எல்லோருக்கும் தெரியும். செருப்போடு செல் வளர்க்கும் அறைக்குள் நுழைந்த மேனேஜரையே வெளியே அனுப்பியவள் நான். அப்படிப்பட்ட சத்யப்ரியா அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

தவசி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மகள் மீனாவுக்கு ஒன்பது வயது. அவள் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுபோக, மதுரையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, கிருமி அண்டாத கண்ணாடி அறையில் வைத்து அப்பாவின் மஜ்ஜையை ஏற்றினார்கள். ஏறிய மஜ்ஜை அவள் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கியது. தோல் உரிந்தது, குடல் புண்ணானது, எந்த மருந்தும் கேட்கவில்லை. ஒரே ஒரு வழிதான் மிச்சம். தவசியின் இடுப்பெலும்பிலிருந்து இன்னும் கொஞ்சம் மஜ்ஜை எடுத்து, இந்தச் சண்டையை அடக்கக்கூடிய செல்களை மட்டும் பிரித்து, கோடிக்கணக்கில் பெருக்கி அவளுக்கு ஏற்ற வேண்டும். பெருக்குவது என் வேலை. செல் வளர்க்கும் குப்பிகளான பிளாஸ்க் ஆறு, மூன்று வாரம்.

பதினைந்தாம் நாள் ஆயுத பூஜை. லேப் வாசலில் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது தவசி வந்தார்.

"தாயி, அந்தச் செல்ல ஒருக்கா கண்ணால பாத்துட்டுப் போறேன்."

வெளியாளை உள்ளே விடவே கூடாது. ஆனால் பதினைந்து நாளாகக் காரிடாரில் படுத்துக் கிடக்கும் மனுஷன். எனக்கு மனசு கேட்கவில்லை. கவுன், மாஸ்க் மாட்டி அழைத்துப்போய் செல்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்து காட்டினேன். அவர் கும்பிட்டார். நான் பேனாவை எடுத்து வெப்பநிலையைக் குறித்துவிட்டுத் திரும்பினேன். ஆறு பிளாஸ்க் மூடிகளின் மேலும் திருநீறு.

கத்தியிருக்க வேண்டும். டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை, ஏனென்றால் உள்ளே விட்டது நான். அவரை அனுப்பிவிட்டு மூடிகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய திரவம் ஆறு பிளாஸ்கிலும் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது. கிருமி. கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆறையும் கொட்டினேன். டாக்டரிடம் காரணம் தெரியவில்லை என்றேன். தவசியிடம் கரண்டு போய் மெஷின் நின்றுவிட்டது என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொருக்கா எடுங்க தாயி. எம்புட்டு வேணும்னாலும் எடுங்க."

எடுத்தார்கள். பிள்ளை இன்னும் மூன்று வாரம் தாங்குவாளா என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதுச் செல்களை வளர்க்கத் தொடங்கிய நாலாம் நாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்து மறுபடி வாசலில் நின்றார்.

"ஒருக்கா உள்ள விடு தாயி. அன்னிக்கு அவசரத்துல வச்சுட்டேன். அதான் சாமி ஏத்துக்கல போல. இந்தத் தடவ நல்லா வேண்டிக்கிட்டு வைக்கிறேன்."

இதற்கு மேலும் பொய் சொன்னால் நான் மனுஷியே இல்லை.

"கரண்டு போகலண்ணே. அந்தத் திருநீறு பட்டுத்தான் கெட்டுப்போச்சு. உங்கள உள்ள விட்டது என் தப்பு. பாத்துட்டு யாருகிட்டயும் சொல்லாம விட்டது அதவிடப் பெரிய தப்பு."

கத்துவார் என்று நினைத்தேன். கையை ஓங்கியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானா வைக்கல தாயி," என்றார். "மீனாதான் சொன்னா. கண்ணாடிக்கு அங்கிட்டுப் படுத்துக்கிட்டு, போன்ல. 'என் நெத்தியில பூச விடமாட்டாகப்பா. அங்க வளருற செல்லுக்காச்சும் பூசி விடுப்பா'ன்னா. பூசிட்டேன்னு சொன்னதும் அம்புட்டு சந்தோசம் அவளுக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அழவில்லை.

"அவகிட்ட கரண்டு போச்சுன்னுதான் சொல்லிருக்கேன். அவ கேட்டா நீயும் அதையே சொல்லு தாயி."

சரி என்றேன். செல்கள் வளர இன்னும் பதினேழு நாள் பாக்கி இருந்தது.